டூட்டி முடிந்து வந்தும் காதில் அலாரம் அடிக்கிறது

நைட்சிஸ்டர்:
ஐசியூவில் செவிலியாக ஆறு வருஷம். இந்த மாசம் தொடர்ந்து ஏழு நைட். காலையில் வந்து படுத்தால், அடுப்படியில் மைக்ரோவேவ் 'பீப்' என்றதும் எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன், சிரிஞ்ச் பம்ப்பில் மருந்து தீர்ந்துவிட்டதென்று.

போன செவ்வாய் விடிகாலை நாலே முக்காலுக்கு ஒருவர் போய்விட்டார். பதினோரு நாள் நான் பார்த்த ஆள். ஐந்தரைக்கு அதே பெட்டில் புது அட்மிஷன். மெத்தையைத் துடைத்த ஈரம்கூடக் காயவில்லை. நான் அழவில்லை. சார்ட்டை எழுதி முடித்து, வந்தவர் கையில் பிபி கஃப் கட்டினேன்.

அதுகூடப் பரவாயில்லை. மறுநாள் ஒரு நோயாளியின் மகள் "அப்பா கண் திறந்தாரா சிஸ்டர்?" என்று மூன்றாவது தடவை கேட்டபோது எரிந்து விழுந்தேன். அந்தப் பெண்ணின் முகம் போகவே மாட்டேன் என்கிறது. நான் இப்படிப்பட்டவள் இல்லை.

மூச்சுப் பயிற்சி செய்யச் சொல்லாதீர்கள். அதற்கு வகுப்பே வைத்தார்கள், நைட் முடிந்த காலையில்!

பழைய இன்சார்ஜ்:
தங்கச்சி, எனக்கும் அந்த எரிச்சல் வந்திருக்கிறது. உடம்பு ஓய்ந்துபோவது, வேலை மீது கசப்பு, 'நான் செய்வதில் என்ன பிரயோஜனம்' என்ற நினைப்பு. இவற்றைச் சேர்த்துத்தான் உலக சுகாதார நிறுவனம் 2019-இல் ஐசிடி-11 என்ற தன் நோய் வகைப்பாட்டுப் பட்டியலில் 'பர்ன் அவுட்' என்று விவரித்தது. அதை நோய் என்று சொல்லவில்லை, வேலையிடத்தில் சரிசெய்யாமல் விட்ட நெடுநாள் அழுத்தத்தின் விளைவு என்றுதான் சொன்னது. அதனால் உன் குணம் கெட்டுவிட்டதா என்று தேடாதே, ரோஸ்டரை, அந்த டூட்டி அட்டவணையைப் பார். ஏழு நைட் என்ன கணக்கு? இன்சார்ஜிடம் எழுத்தில் கேள்.

இன்னொன்று. அமெரிக்காவில் வர்ஜீனியா பல்கலைக்கழக மருத்துவமனையில் ஜோனதன் பார்ட்டல்ஸ் என்ற செவிலியர் 'தி பாஸ்' (The Pause, சற்று நிற்பது) என்று ஒரு வழக்கத்தை ஆரம்பித்தார். மரணம் நடந்ததும் அங்கே இருக்கிற எல்லோரும் படுக்கையைச் சுற்றி ஒரு நிமிஷம் பேசாமல் நிற்பது. அவ்வளவுதான். உங்கள் யூனிட்டில் செய்து பாருங்கள்.

டூட்டி டாக்டர்:
ஒரு நிமிஷம் நிற்க முதலில் ஆள் வேண்டுமே அக்கா. எங்கள் யூனிட்டில் அதற்கே பஞ்சம்.

சிஸ்டர், தூக்கத்துக்கு மட்டும் சொல்கிறேன். காபி உடம்பில் பாதி குறையவே ஐந்து மணி நேரம் போல ஆகும், அதனால் நடு இரவோடு நிறுத்துங்கள். வீட்டுக்குப் போகும்போது கறுப்புக் கண்ணாடி போடுங்கள், கண் சொருகினால் வண்டியைத் தொடாதீர்கள். ரெண்டு வாரம் தாண்டியும் எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். மற்றவர்களுக்கு எழுதிக்கொடுப்போம், நமக்கென்றால் வெட்கம். நானே எட்டு மாசம் தள்ளிப்போட்டவன்.

நைட்சிஸ்டர்:
நேற்று நின்று பார்த்தோம் அக்கா. நான்கு பேர். நாற்பது விநாடிகூட ஆகியிருக்காது, மூணாம் பெட்டில் பம்ப் கத்தியது. ஜூனியர் பெண் ஓடிப்போய் சிரிஞ்சை மாற்றிவிட்டு, திரும்பி வந்து அதே இடத்தில் நின்றாள். யாரும் போகச் சொல்லவில்லை, வரவும் சொல்லவில்லை. எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது.

அந்த மகளிடம் மன்னிப்பு கேட்டேன். "நீங்களும் தூங்கவே இல்லையே சிஸ்டர்" என்றாள்.

ரோஸ்டரும் கேட்டாயிற்று. அடுத்த மாசம் மூணு நைட், ரெண்டு ஆஃப் என்று எழுதியிருக்கிறார்கள். பென்சிலில்.