தீம்: கருப்பொருளா, கோலமா?

வணக்கம். மென்பொருளின் நிறத்தையும் வடிவையும் மாற்றுகிற தீம் (theme) என்பதற்குத் தமிழில் கருப்பொருள் என்றே வைத்துவிடலாம் என்று பலரும் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை, ஏன் என்று சொல்கிறேன்.

இங்கே திருகோணமலையில் ஒரு சிறிய நூலகத்துக்கு இரவல் பதியும் மென்பொருளைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறோம். போன கிழமை அங்கே வேலை பார்க்கும் பிள்ளையிடம், "வெளிச்சம் கண்ணைக் குத்தினால் எங்கே போய் மாற்றுவீர்?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். அமைப்புகளைத் திறந்தாள், 'கருப்பொருள்' என்ற இடத்தில் சுட்டி நின்றது. "இது திரையைக் கறுப்பாக்கிறதோ அண்ணா?" என்றாள். கறுப்புக்கு றகரம் போட்டு எழுதுகிறவர்கள்தான் நாங்கள், ஆனாலும் அவசரத்தில் கண் அப்படித்தான் வாசிக்கிறது. அதற்குக் கீழேயே 'வெளிர் கருப்பொருள்' என்று வேறு இருந்தது, பாவம். பள்ளிக்கூடத்தில் கருப்பொருள் என்றால் கட்டுரை எதைப் பற்றியது என்பது. தொல்காப்பியம் படித்தவருக்கோ தெய்வம், உணவு, மரம், பறை என்று திணைக்கு உரியவை. இரண்டிலும் உடுப்பு மாற்றுகிற நினைப்பே வராது.

கோலம் என்று வைப்போம். மணக்கோலம், தவக்கோலம் என்கிறோம், ஆள் அதே ஆள். நவராத்திரியில் அம்மனுக்குச் சாத்துப்படி மாறுகிறது, அம்மன் மாறுவதில்லை. மென்பொருளிலும் நிறம், ஓர இடைவெளி, படவுரு (icon) எல்லாம் மாறும், உள்ளே இருக்கிற பதிவுகள் அப்படியே இருக்கும். வாசலில் போடுகிற கோலத்தோடு குழம்பும் என்றால், அமைப்புகள் பக்கத்தில் யாரும் அரிசிமாவைத் தேடப்போவதில்லை. தோற்றம் நல்ல சொல்தான், ஆனால் எழுத்தளவும் சேர்ந்த முழு அமைப்புப் பக்கத்துக்குத் தலைப்பாக அது வேண்டும். தீம் என்றே எழுதினால் எனக்குத் தீம்பால்தான் ஞாபகம் வருகிறது.

அப்புறம் தெரிவுகள். 2016இல் விண்டோஸ் 10, 2018இல் மேக்ஓஎஸ் மொஹாவி என்று இயங்குதளங்களே இருண்ட தோற்றத்தைக் கொடுக்கத் தொடங்கியபின் மூன்று வரி தேவைப்படுகிறது: வெளிர் கோலம், இருண்ட கோலம், கணினியில் உள்ளபடி. இருட்கோலம் இலக்கணப்படி சரி, வாசிக்கத்தான் தடக்குகிறது. பொத்தானில் 'கோலத்தை மாற்று'.

இதே வரிகளைத் தாளில் எழுதி அந்தப் பிள்ளையிடம் காட்டினேன், ஒன்றும் கேட்காமல் இருண்ட கோலத்தில் விரலை வைத்தாள். மறுப்பு இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள், திங்கள் மொழிபெயர்ப்புக் கோப்பைத் திருத்த இருக்கிறேன்.