அடுப்புத் தீ இல்லாமல் அலி நாசிக் என்ற துருக்கிக் கத்தரிக்காய் உணவு செய்வது எப்படி?

வணக்கம் மக்களே. ஜெர்மனியில் சோஸ்ட் என்ற சின்ன ஊரில் இருக்கிறோம். கல்யாண நாளுக்காகப் போன சனிக்கிழமை சாயங்காலம் இங்கே ஒரு துருக்கி உணவகத்துக்குப் போனோம். ஆர்டர் சொல்லும் முன்பே எள் தூவிய ரொட்டி, முழ நீளத்துக்குப் பூரி போல உப்பி வந்தது. கூடவே எஸ்மே என்ற காரமான தக்காளி, மிளகாய்த் துவையல். அதிலேயே வீட்டுக்காரருக்குப் பாதி வயிறு நிறைந்துவிட்டது!

நான் சாப்பிட்டது அலி நாசிக். துருக்கியின் காஸியான்தெப் ஊர்ச் சமையல். சுட்ட கத்தரிக்காயை மசித்துப் பூண்டுத் தயிரில் கலந்து, மேலே ஆட்டுக்கறி, அதன்மேல் வெண்ணெயில் பொரித்த மிளகாய்த்தூள். அம்மாவின் சுட்ட கத்தரிக்காய்ப் பச்சடியேதான், கறி மட்டும் கூடுதல்.

மறுநாளே செய்து பார்த்தேன். எங்களுடையது கண்ணாடி மின்சார அடுப்பு. கத்தரிக்காயை ஓவனில் 220 டிகிரியில் 40 நிமிடம் வைத்தும் அந்தப் புகை வாசம் வரவில்லை. தயிரும் நீர்விட்டு ஓடியது.

கரித்துண்டில் நெய்விட்டு மூடி வைத்தால் வாசம் ஏறுமா? புகை அலாரம் கத்துமே என்று பயம். தயிருக்கு, சூஸ்மே என்ற வடிகட்டிய துருக்கித் தயிர் வாங்கலாமா? துருக்கி மிளகாய்த்தூளில் மராஷ் வகையா, உர்ஃபா வகையா, எது நல்லது?

வெள்ளிக்கிழமை மாமியார் வருகிறார், அதற்குள் சொல்லுங்களேன்.