நரம்பறிவியல் படிக்கலாமா? குடும்பக் குழுவில் ஓர் உரையாடல்

சனிக்கிழமை

யாழினி: அனைவருக்கும் வணக்கம். பள்ளிப் படிப்பு முடிந்ததும் நரம்பறிவியலை இளநிலைப் பட்டமாகப் படிக்க விரும்புகிறேன். நாம் எப்படி நினைவில் வைத்துக்கொள்கிறோம், ஏன் மறக்கிறோம் என்று படிக்கத் தொடங்கியதிலிருந்து மனம் வேறு எதிலும் செல்லவில்லை. விண்ணப்பிக்கும் முன் உங்கள் கருத்துகளைத் தெரிந்துகொள்ள வேண்டும். இதே பாடத்தின் இறுதியாண்டில் இருக்கும் நிலா அக்கா என்ன சொல்கிறார் என்று அறியக் கூடுதல் ஆவல்.

பெரியப்பா: மிக்க மகிழ்ச்சி, அம்மா. ஒன்றை மட்டும் முதலில் தெளிவுபடுத்திக்கொள்வோம். இதைப் படித்தால் நரம்பியல் மருத்துவர் ஆகலாமா?

நிலா அக்கா: ஆக முடியாது, பெரிய மாமா. நரம்பியல் மருத்துவர் என்பவர் மருத்துவப் பட்டம் பெற்று, அதற்குப் பிறகு பல ஆண்டுகள் சிறப்புப் பயிற்சியும் முடித்தவர். நரம்பறிவியல் ஓர் அடிப்படை அறிவியல். அமெரிக்கா, கனடா போன்ற நாடுகளில் மருத்துவக் கல்லூரியில் சேரும் முன் வேறொரு பட்டப்படிப்பை முடிப்பது வழக்கம் என்பதால், அங்கே பலர் இதை மருத்துவத்துக்கு முந்தைய படியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். பள்ளியிலிருந்து நேராக மருத்துவத்தில் சேர்க்கும் நாடுகளில் இந்தப் பட்டம் அந்த வாசலைத் திறக்காது. யாழினி, நோயாளிகளைக் குணப்படுத்துவதுதான் உன் விருப்பம் என்றால், இப்போதே மருத்துவத்தையோ மருத்துவ உளவியலையோ யோசிப்பது நல்லது.

யாழினி: சிகிச்சை அளிப்பது என் நோக்கம் அன்று, அக்கா. மூளைக்குள் அது எப்படி நடக்கிறது என்று அறிவதுதான் என் ஆசை.

நிலா அக்கா: அப்படியானால் பாடத்திட்டத்தைப் பற்றி வெளிப்படையாகவே சொல்கிறேன். பள்ளி வயதில் நம்மை ஈர்ப்பவை பெரும்பாலும் மனிதர்களின் வரலாறுகள்தாம். 1848-இல் இரும்புத் தண்டு ஒன்று மண்டையைத் துளைத்துச் சென்ற பிறகும் பிழைத்த ஃபினியஸ் கேஜ், 1953-இல் வலிப்பு நோய்க்காகச் செய்த அறுவைச் சிகிச்சையில் நினைவுகளை உருவாக்க உதவும் மூளைப் பகுதியான ஹிப்போகேம்பஸின் பெரும்பகுதியை இருபக்கமும் இழந்து, அதன்பின் நடந்தவற்றை நினைவில் நிறுத்த இயலாமல் 2008 வரை வாழ்ந்த ஹென்றி மொலைசன் ஆகியோரை நீயும் படித்திருப்பாய். பட்டப்படிப்பில் அவர்களுக்குக் கிடைப்பது ஓரிரு வகுப்புகள். மீதி நேரமெல்லாம் நரம்பணுவின் சவ்வுக்கு உள்ளேயும் வெளியேயும் சோடியமும் பொட்டாசியமும் எந்த அளவில் இருக்கின்றன, ஓய்வு நிலையில் உட்புறம் ஏன் சுமார் மைனஸ் 70 மில்லிவோல்ட்டில் நிற்கிறது, ஒரு புரதம் வடிவம் மாறும்போது அயனி வாயில், அதாவது சவ்வில் அயனிகள் கடந்துசெல்லும் வழி, எப்படித் திறக்கிறது என்பவற்றில் கழிகிறது. முதலாண்டில் வேதியியல், உயிரணு உயிரியல், இயற்பியல், புள்ளியியல் ஆகியவையே பெரும்பங்கு. நினைவு, உணர்ச்சி, மொழி போன்ற பாடங்கள் பெரும்பாலும் பிந்தைய ஆண்டுகளில்தான் வருகின்றன. மூளையின் மீதுள்ள வியப்பு உன்னை வாசல்வரை கொண்டுவந்து சேர்த்துவிடும். உள்ளே நிலைத்திருப்பதற்கு இந்த வழிமுறைகளையும் நேசிக்க வேண்டும்.

இளங்கோ சித்தப்பா: கணிதம் எந்த அளவுக்கு வேண்டும், நிலா? இவள் கணிதத்தில் நன்றாகவே செய்கிறாள், ஆனால் அதை விரும்பிச் செய்கிறாளா என்பது எனக்குத் தெரியவில்லை.

நிலா அக்கா: நுண்கணிதம் அவசியம், சின்ன மாமா. என்னை இந்தத் துறையோடு முழுவதுமாகப் பிணைத்த பாடமே அதுதான். ஒரு கணவாய் இனத்தின் உடலில் ஒரு மில்லிமீட்டர் வரை தடிமன் கொண்ட நரம்பிழை இருக்கிறது. ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி என்ற இரு ஆய்வாளர்கள் அதனுள் மின்முனையைச் செலுத்தி, சவ்வின் மின்னழுத்தத்தை விரும்பிய அளவில் நிறுத்திவைத்து, எந்த அயனி எப்போது பாய்கிறது என்று அளந்தார்கள். 1952-இல் அதை நான்கு வகைக்கெழுச் சமன்பாடுகளாக எழுதினார்கள். கணினி கிடைக்காத நிலையில் ஹக்ஸ்லி கையால் சுழற்றும் கணக்கிடும் பொறியில் அவற்றுக்கு விடை கண்டார். அந்த விடையாகக் கிடைத்த வளைகோடு, உண்மையான நரம்பிழையில் பதிவான துடிப்போடு பெரிதும் ஒத்துப்போனது! அயனி வாயில்களை அப்போது எவரும் தனியாக அளந்திருக்கவில்லை. ஒற்றை வாயில் வழியே பாயும் மின்னோட்டத்தை நேஹர், சாக்மன் என்ற ஆய்வாளர்கள் 1976-இல்தான் பதிவு செய்தார்கள். அதாவது, அளவீட்டுக்கும் கணிதத்துக்கும் பல ஆண்டுகள் கழித்தே நேரடிச் சான்று வந்தது. இதைப் படித்த பிறகு எனக்கு மூளையைப் பற்றிய பொதுவான பேச்சுகள் எதுவும் போதுமானதாகத் தோன்றவில்லை.

இளங்கோ சித்தப்பா: அருமை. நான்கு சமன்பாடுகளும் ஒன்றையொன்று சார்ந்தவையாக இருக்கும் அல்லவா? கையால் தீர்ப்பது என்றால் நாள்கணக்கில் ஆகியிருக்கும்.

தாத்தா: நான் ஒன்று கேட்கலாமா? நம் மூளையில் பத்து சதவீதத்தை மட்டுமே பயன்படுத்துகிறோம் என்று எங்கும் எழுதுகிறார்களே, அது உண்மையா?

நிலா அக்கா: உண்மை இல்லை, தாத்தா. மூளை உடல் எடையில் சுமார் 2 சதவீதம்தான், ஆனால் ஓய்வில் இருக்கும்போதும் உடல் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ 20 சதவீதத்தை எடுத்துக்கொள்கிறது. பயன்படாத உறுப்புக்கு உடல் அவ்வளவு செலவு செய்யாது. மேலும், மூளையின் ஏறக்குறைய எந்தப் பகுதி சேதமடைந்தாலும் ஏதேனும் ஒரு திறன் பாதிக்கப்படுவதையே மருத்துவர்கள் காண்கிறார்கள்.

அத்தை: வேலைவாய்ப்பைப் பற்றியும் சொல், நிலா. பெற்றவர்கள் அதைத்தான் முதலில் நினைப்பார்கள். உனக்காக நானும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

நிலா அக்கா: சொல்கிறேன், அம்மா. இளநிலைப் பட்டத்தோடு நிறுத்திக்கொண்டால் ‘நரம்பறிவியலாளர்’ என்ற பணி கிடைப்பது அரிது. ஆய்வகத் தொழில்நுட்பர், ஆய்வு உதவியாளர், மருந்துச் சோதனைகளை ஒருங்கிணைப்பவர், தரவுப் பகுப்பாய்வாளர், அறிவியல் எழுத்தாளர் போன்ற பணிகளுக்குச் செல்லலாம். மருத்துவமனைகளில் மூளை மின்னலைப் பதிவுப் பணிக்குத் தனிப் பயிற்சி தேவைப்படும். சுயமாக ஆய்வு செய்ய வேண்டுமென்றால் முனைவர் பட்டம் வரை போக வேண்டும். அதற்குப் பிறகும் நிரந்தரப் பேராசிரியர் பணியிடங்கள் அதற்கு முயல்வோரைவிட மிகக் குறைவு. யாழினி இதை இப்போதே தெரிந்துகொண்டு முடிவு செய்வதுதான் அவளுக்கு நாம் காட்டும் மரியாதை.

அப்பா: அப்படியென்றால் என் கேள்வி இது. உயிரியலையோ உளவியலையோ பொறியியலையோ இளநிலையில் படித்துவிட்டு, முதுநிலையில் நரம்பறிவியலுக்கு வந்தால் என்ன? வழிகளும் கூடுதலாக இருக்குமே.

நிலா அக்கா: நல்ல கேள்வி, மாமா. நீங்கள் சொல்வது முற்றிலும் நடைமுறைக்கு உகந்த வழி. இந்தத் துறைக்குத் தனி அடையாளமே 1960-களில்தான் உருவானது. நரம்பறிவியல் சங்கம் 1969-இல் தொடங்கப்பட்டது. அதனால் முன்னோடிகள் எல்லோரும் வேறு துறைகளிலிருந்து வந்தவர்களே. எலிகளின் மூளையில் இடத்தை உணரும் நரம்பணுக்களைக் கண்டறிந்ததற்காக 2014-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட ஓகீஃபும் மோசர் இணையரும் உளவியல் படித்தவர்கள். கடல் நத்தையைக் கொண்டு நினைவாற்றலை ஆராய்ந்து 2000-இல் நோபல் பெற்ற எரிக் காண்டல் இளநிலையில் வரலாறும் இலக்கியமும் படித்து, பின்னர் மருத்துவத்துக்குச் சென்றவர். எனவே சான்றிதழில் எழுதப்பட்டிருக்கும் பெயரைவிட அதற்குள் என்ன கற்பிக்கிறார்கள் என்பதே முக்கியம். வலுவான புள்ளியியலும் ஆய்வகப் பணியும் உள்ள உயிரியல் பட்டம், அவை இல்லாத நரம்பறிவியல் பட்டத்தைவிட மேலானது என்றே நான் கருதுகிறேன்.

இளங்கோ சித்தப்பா: புள்ளியியலை இத்தனை முறை சொல்கிறாயே, காரணம் என்ன?

நிலா அக்கா: அது இல்லாமல் இந்தத் துறையில் எதையும் நம்ப முடியாது, சின்ன மாமா. மூளைப் படங்களில் வண்ணத்தில் ஒளிரும் பகுதிகளைப் பார்த்திருப்பீர்கள். அந்த ஸ்கேன் நரம்பணுக்களின் துடிப்பை நேரடியாக அளப்பதில்லை. இரத்தத்தில் ஆக்சிஜன் அளவு மாறுவதை, அதுவும் சில விநாடிகள் தாமதத்தோடு அளக்கிறது. மூளையைப் பல்லாயிரக்கணக்கான சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே சோதனை நடத்துகிறார்கள். அத்தனை சோதனைகள் செய்தால், தற்செயலாகவே சில கட்டங்கள் ‘இயங்குவதாக’க் காட்டும். இதை எடுத்துக்காட்ட, 2009-இல் ஆய்வாளர்கள் இறந்துபோன ஒரு சால்மன் மீனை ஸ்கேன் கருவிக்குள் வைத்து, மனிதர்களின் படங்களை அதற்குக் காட்டினார்கள். பல சோதனைகளுக்கு உரிய திருத்தத்தைச் செய்யாமல் விட்டபோது அந்த மீனின் மூளையிலும் ‘செயல்பாடு’ தெரிந்தது; திருத்தத்தைச் செய்ததும் அது மறைந்தது. எந்தப் படத்தை நம்பலாம், எதை நம்பக்கூடாது என்று பிரித்தறியும் திறன் இந்தப் பட்டம் தரக்கூடிய மிகப் பெரிய பயன் என்பேன். ஒருவர் எந்தப் பணிக்குச் சென்றாலும் அது உடன் வரும்.

யாழினி: அக்கா, எனக்கு ஒரு தயக்கம் இருக்கிறது. விலங்குகளைக் கொண்டு ஆய்வு செய்தே ஆக வேண்டுமா?

நிலா அக்கா: இந்தத் தயக்கம் உனக்கு இருப்பது நல்லது. பல பாடத்திட்டங்களில் பதப்படுத்திய ஆட்டு மூளையை அறுத்துப் பார்க்கும் வகுப்பு இருக்கும், சில இடங்களில் அதற்கு மாற்று ஏற்பாடும் உண்டு. உயிருள்ள விலங்குகளோடு பணியாற்றுவது நீ எந்த ஆய்வகத்தைத் தேர்ந்தெடுக்கிறாய் என்பதைப் பொறுத்தது. மனிதர்களின் மூளை மின்னலைகளைப் பதிவு செய்யும் ஆய்வுகளும் முழுக்கக் கணினியிலேயே நடக்கும் ஆய்வுகளும் நிறைய உள்ளன. விலங்குகளுக்கு மாற்றுகளைத் தேடுதல், அவற்றின் எண்ணிக்கையைக் குறைத்தல், அவற்றின் துன்பத்தைத் தணித்தல் என்ற கொள்கையை 1959-இல் ரஸ்ஸலும் பர்ச்சும் முன்வைத்தார்கள். இன்றைய நெறிமுறைக் குழுக்கள் அதை அடிப்படையாகக் கொண்டே அனுமதி தருகின்றன. ஆயினும், நீ படிக்கப்போகும் அறிவில் பெரும்பகுதி விலங்குகளிடமிருந்து வந்தது என்பதையும் மறக்கக் கூடாது.

யாழினி: புரிகிறது, அக்கா. பல்கலைக்கழகங்களுக்கு எழுதும்போது என்ன கேட்க வேண்டும்?

நிலா அக்கா: புள்ளியியலும் நிரல் எழுதுதலும் கட்டாயப் பாடங்களா, விருப்பப் பாடங்களா என்று கேள். இறுதியாண்டில் ஒவ்வொரு மாணவரும் உண்மையான ஆய்வுத் திட்டத்தில் பங்கேற்கிறாரா, இல்லை மதிப்பெண் அதிகம் பெற்ற சிலருக்கு மட்டுமே அந்த வாய்ப்பா என்றும் கேள். இந்த இரண்டுக்கும் தெளிவான பதில் தராத துறையில் எனக்கு நம்பிக்கை வராது. அதற்கு முன் நீயே ஒரு சோதனை செய்து பார். சவ்வு ஓர் அயனிக்கு மட்டும் வழிவிட்டால் எந்த மின்னழுத்தத்தில் நிற்கும் என்று சொல்லும் நெர்ன்ஸ்ட் சமன்பாட்டை எடுத்துக்கொள்: உடல் வெப்பநிலையில் 61.5-ஐ, வெளிச்செறிவை உட்செறிவால் வகுத்ததன் பத்தடிமான மடக்கையால் பெருக்கினால், மில்லிவோல்ட்டில் விடை வரும். பொட்டாசியம் உள்ளே 140, வெளியே 5 என்று வைத்துக் கணக்கிட்டுச் சொல். விடையைவிட, கணக்கிடும்போது உனக்குள் கேள்வி ஏதாவது எழுகிறதா என்று கவனி.

ஞாயிற்றுக்கிழமை

யாழினி: மைனஸ் 89 வருகிறது, அக்கா. ஆனால் நேற்று நீங்கள் மைனஸ் 70 என்று சொன்னீர்களே? கணக்கை மீண்டும் சரிபார்த்தேன், அதே விடைதான் வருகிறது. அந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது?

நிலா அக்கா: கணக்கு சரி. சவ்வு பொட்டாசியத்துக்கு மட்டும் வழிவிட்டால் மைனஸ் 89-இல்தான் நிற்கும். சோடியத்துக்கும் இதே கணக்கைச் செய்: உள்ளே 12, வெளியே 145.

யாழினி: பிளஸ் 67. அப்படியென்றால், ஓய்வில் சவ்வு பொட்டாசியத்துக்கு மிகுதியாகவும் சோடியத்துக்குச் சிறிதளவும் வழிவிடுவதால், இரண்டுக்கும் இடையில், பொட்டாசியத்தின் பக்கம் நெருங்கி நிற்கிறதா?

நிலா அக்கா: அதேதான். எவ்வளவு நெருங்கி நிற்கும் என்பதைக் கணக்கிடக் கோல்ட்மன் சமன்பாடு இருக்கிறது. சின்ன மாமாவிடம் கேட்டு அதையும் போட்டுப் பார்.

இளங்கோ சித்தப்பா: மாலையில் அழைக்கிறேன், யாழினி. தாளும் பென்சிலும் எடுத்து வை.

அப்பா: துறைகளுக்கு அனுப்ப வேண்டிய கடிதங்களை இன்றிரவு நாம் இருவரும் சேர்ந்து எழுதுவோம். உயிரியல் துறைகளுக்கும் இரண்டு எழுதுவோம்.