காலேஜ் என்சிசி, கேம்ப், எஸ்எஸ்பி: போய் வந்தவர்கள் சொல்லுங்கள்

திருச்சி, பிஎஸ்சி இரண்டாம் ஆண்டு

என்சிசி (தேசிய மாணவர் படை) ஆர்மி விங்கில் இருக்கிறேன். அடுத்த மாதம் சிஏடிசி என்கிற பத்து நாள் வருடாந்திரப் பயிற்சி கேம்ப். ஒரு சீனியர் "செம ஜாலியா இருக்கும்" என்கிறார். இன்னொருவர் கழிப்பறை வரிசையைத் தவிர வேறு எதையும் பேச மாட்டேன் என்கிறார். என்சிசியில் தலைமைப் பண்பு வளரும் என்று எங்கள் பிரின்சிபால் ஒவ்வொரு விழாவிலும் சொல்கிறார், எந்த இடத்தில் எப்படி வளரும் என்று கேட்டால் பதில் இல்லை. அப்புறம், என்சிசியின் கடைசித் தேர்வான சி சர்ட்டிபிகேட் இருந்தால், ராணுவ அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் எஸ்எஸ்பிக்கு நேரடியாகப் போகலாம் என்கிறார்களே, அது எவ்வளவு நிஜம்? கதை விடாமல் சொல்லுங்கள் அண்ணன்மார்களே, அக்காமார்களே.

மதுரை, சீனியர் விங், 2013 பேட்ச்

தம்பி, கழிப்பறை வரிசை நிஜம்தான். விடியும் முன்னே எழுந்தால் பிழைத்தாய்.

தலைமை எப்படி வளரும் என்று கேட்டாயே, அதற்கு என் தோழி கதையைச் சொல்கிறேன். எங்கள் கேம்பில் டிரில் சொல்லிக்கொடுத்தவர் ராணுவத்தின் கார்வால் ரைபிள்ஸ் ஹவில்தார். ஒவ்வொருத்தியாக வெளியே கூப்பிட்டு, "ஸ்க்வாட் உன்னோடது, நடத்து" என்று விட்டுவிடுவார். என் தோழி வகுப்பில் பெரிய வாயாடி, அதனால் எங்களுக்குக் கவலையே இல்லை. "தேஜ் சல்" என்றாள், கிளம்பினோம். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. மைதானம் முடிகிற இடத்தில் கருவேலம் புதர். அங்கே "பீச்சே முட்" சொல்லித் திருப்ப வேண்டும். அவளுக்கு அந்த வார்த்தை வாயில் வரவே இல்லை. உத்தரவு வராமல் நாங்களாகத் திரும்பக்கூடாது, நிற்கவும் கூடாது. முன்வரிசை அப்படியே புதருக்குள் போனது. எனக்குப் பின்னாலிருந்து ஒருத்தி, "அடியே, ஏதாவது சொல்லித் தொலைடி" என்று முனகுகிறாள். முழங்கைக்கு மேல் முள் கிழிக்கிறது, கை வீச்சை மட்டும் விடவில்லை. கடைசியில் அவள் கத்தியது, "எல்லாரும் நில்லுங்கடி!"

மைதானமே சிரித்தது. ஹவில்தார் மட்டும் சிரிக்கவில்லை. முள்ளில் நின்ற எங்களுக்கு ஒரு "ஷாபாஷ்". அவளைத் தனியாகக் கூப்பிட்டு, உடைந்த தமிழில், மைதானம் எங்கே முடியுது என்று கிளம்பும் முன்னாடியே பார்த்தாயா என்று மட்டும் கேட்டார். மறுநாள் அவள் நாலு மூலையையும் ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் வாயையே திறந்தாள்.

ஃபயரிங் பற்றிப் பயப்படாதே. பாயிண்ட் டூ டூ ரைபிள், 25 மீட்டர், குப்புறப் படுத்துச் சுடுவது. கட்டையைத் தோளில் ஒட்டிப் பிடித்தால் வலிக்காது. குறி மையத்தில் விழாவிட்டாலும் பரவாயில்லை, குண்டுகள் ஒரே இடத்தில் நெருக்கமாக விழுகிறதா என்றுதான் முதலில் பார்ப்பார்கள்.

ஓய்வுபெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்

எண்பதை நெருங்குகிறேன். இந்தக் காலத்துப் பிள்ளைகள் விரும்பிச் சேர்வதைப் படிக்க ஆச்சரியமாக இருக்கிறது. எங்களை யாரும் கேட்கவே இல்லை. 1962 சீனப் போருக்குப் பிறகு, 1963இல் காலேஜ் மாணவர்களுக்கு என்சிசியைக் கட்டாயமாக்கினார்கள். வகுப்பு முடிந்ததும் கஞ்சி போட்ட காக்கியில் வெயிலில் நிற்க வேண்டும். பாதிப் பேர் டீக்கடைக்குப் பின்னால் ஒளிந்திருப்பார்கள், அவர்களைப் பிடித்து வருவதிலேயே எங்கள் ஆபீசருக்குப் பாதிப் பொழுது போய்விடும். இதில் தலைமை எங்கே வளர்வது?

1965 ஜனவரியில் நடந்ததை மறக்க முடியாது. இந்தி ஆணைக்குக் கால் மாற்றி நடந்த அதே பையன்கள்தான் இந்தி எதிர்ப்பு ஊர்வலத்தின் முன்வரிசையில் போனார்கள். ஊர்வலம் கலையாமல் நடந்ததற்குப் பரேடு பழக்கமும் ஒரு காரணம் என்று நான் சொல்வேன், வீட்டில் யாரும் ஒப்புக்கொள்வதில்லை. 1968 ஜனவரியில் அண்ணா முதல்வராக இருந்தபோது சட்டமன்றத்தில் வந்த மொழித் தீர்மானத்தில், என்சிசியில் இந்தி ஆணைச்சொற்கள் கூடாது என்பதும் சேர்ந்திருந்தது. அதே ஆண்டு நாடு முழுவதும் கட்டாயமும் போய்விட்டது. அடுத்த ஆண்டு நாட்டு நலப்பணித் திட்டம், அதாவது என்எஸ்எஸ் வந்தது. ஆணை என்னவோ இன்றைக்கும் இந்தியில்தான் என்று மேலே அந்தப் பெண் எழுதியதிலிருந்து தெரிகிறது.

சேலம், ஆர்மி விங், சீனியர் டிவிஷன்

ஐயா, டீக்கடை இன்னும் அதே இடத்தில்தான் இருக்கிறது!

தம்பி கேட்ட எஸ்எஸ்பிக்கு வருகிறேன். நேரடியாகப் போகலாம் என்பது பாதி நிஜம். சி சர்ட்டிபிகேட்டில் பி கிரேடுக்குக் குறையாமலும், டிகிரியில் 50 சதவீதமும் இருந்தால் என்சிசி ஸ்பெஷல் என்ட்ரிக்கு விண்ணப்பிக்கலாம். யூபிஎஸ்சி நடத்தும் சிடிஎஸ் எழுத்துத் தேர்வு கிடையாது. அந்த ஒரு கதவுதான் திறக்கும். உள்ளே போனதும் எழுத்துத் தேர்வு எழுதி வந்தவனுக்கும் உனக்கும் ஒரே சோதனைதான், ஐந்து நாள்.

நான் போனது பெங்களூர் போர்டுக்கு. முதல் நாளே வடிகட்டிவிடுவார்கள். மங்கலான ஒரு படத்தை முப்பது விநாடி காட்டுவார்கள், நாலு நிமிடத்தில் கதை எழுத வேண்டும், பிறகு குழுவாகப் பேசி எல்லோரும் ஒரே கதைக்கு வர வேண்டும். அந்தப் பேச்சுக்குப் பையன்கள் வைத்திருக்கும் பெயர் மீன் மார்க்கெட். கத்துகிறவன்தான் தேறுவான் என்று பயந்தேன். எங்கள் குழுவில் அதிகம் கத்திய இரண்டு பேரும் மதியமே பெட்டியைக் கட்டினார்கள். நான் பேசியது கொஞ்சம், அதுவும் தட்டுத்தடுமாறிய இங்கிலீஷ். தேறியவர்கள் பட்டியலில் என் நெஞ்சு நம்பரை வாசித்தார்கள்.

அடுத்து வரும் சைக்காலஜி தாள்களைப் பற்றிக் கோச்சிங் சென்டர்காரர்கள் நிறையப் பயமுறுத்துவார்கள். 60 வார்த்தை காட்டுவார்கள், ஒவ்வொன்றுக்கும் 15 விநாடியில் ஒரு வாக்கியம் எழுத வேண்டும். யோசிக்க நேரமில்லை, அதனால் மனப்பாடம் பண்ணிய வாக்கியம் எழுதினால் கையும் களவுமாக மாட்டுவாய். விட்டுத்தள்ளு.

எனக்கு நிஜமான பாடம், குழுச் சோதனைகளை நடத்தும் அதிகாரியான ஜிடிஓவின் மைதானத்தில்தான். பலகை, மரக்கட்டை, கயிறு கொடுத்துத் தரையைத் தொடாமல் ஒரு சுமையோடு தாண்டச் சொல்வார்கள். முதலில் தலைவன் என்று யாரும் இல்லை. யார் பேச்சு எடுபடுகிறது என்று ஜிடிஓ ஓரமாக நின்று குறித்துக்கொண்டிருப்பார். கமாண்ட் டாஸ்க்கில்தான் ஒவ்வொருவராகத் தலைவன் ஆவோம். உனக்கு உதவியாக இரண்டு பேரை நீயே குழுவிலிருந்து கூப்பிட்டுக்கொள்ளலாம்.

எங்கள் குழுவில் ஒருவர், தன் காலேஜில் சீனியர் அண்டர் ஆபீசர், கேடட்களில் மேல் ரேங்க். பரேடில் அவர் குரல் அடுத்த தெருவுக்குக் கேட்குமாம். தோளில் இருந்த ரேங்கைப் பற்றி முதல் நாள் இரவு எங்களுக்கு விளக்கமாகச் சொன்னார். கமாண்ட் டாஸ்க் தொடங்கியது. ஆள் மாற்றி ஆள் போய்க்கொண்டே இருக்கிறோம், ஒருவர்கூட அவரைக் கூப்பிடவில்லை. திரும்பத் திரும்பக் கூப்பிடப்பட்டவன் ஒடிசாக்காரப் பையன் ஒருவன். மொத்தம் பத்து வார்த்தை பேசியிருப்பான். ஆனால் பலகை ஆடினால் இவன் கை அங்கே இருக்கும், முடிச்சு போடச் சொன்னால் அவிழாது, "இப்படிச் செய்யலாமே" என்று நடுவில் நுழைய மாட்டான். நானும் அவனைத்தான் கூப்பிட்டேன். சாயங்காலம் அந்த அண்டர் ஆபீசர் யாரோடும் பேசாமல் ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார், ஏற்கனவே பளபளத்த ஷூ.

கடைசி நாள் கான்ஃபரன்ஸ் முடிந்து முடிவு வாசித்தார்கள். ஒடிசாக்காரன் தேறினான், நான் தேறவில்லை. காரணம் சொல்ல மாட்டார்கள், அதுதான் அவர்கள் வழக்கம். மெடிக்கலும் தாண்டி மெரிட்டில் வந்துவிட்டால் பயிற்சி நம்ம பரங்கிமலையில்தான், ஓடிஏ என்கிற அதிகாரிகள் பயிற்சி அகாடமியில் 49 வாரம்.

கன்னியாகுமரி மாவட்டம், சிகியூஎம்எஸ் (ஸ்டோர் பொறுப்பு ரேங்க்) ஆக இருந்தவன்

என் பங்குக்கு ஒன்று. தம்பி, ரேங்க் கிடைத்தால் எல்லோரும் கத்துகிற ரேங்கைத்தான் கேட்பார்கள். என்னை ஸ்டோரில் போட்டார்கள். பூட்ஸ், பெல்ட், பெரட், கம்பளி எல்லாம் என் கணக்கு. எட்டாம் நம்பர் கால்காரன்களாகவே வருவார்கள், மூட்டையைப் பிரித்தால் எல்லாம் ஆறும் பத்தும். பத்தாம் நம்பரை வாங்கிப் பஞ்சு வைத்து நடப்பவனிடம் போய் "ஸ்மார்ட்டா மார்ச் பண்ணு" என்று யார் சொன்னாலும் அவன் மதிக்க மாட்டான். கேம்புக்கு முன்னாடியே பக்கத்து காலேஜ் ஸ்டோரில் போய்ப் பேசி மாற்றிக்கொண்டு வந்தேன். அதற்கு யாரும் மெடல் தரவில்லை. ஆனால் கேம்பில் ராத்திரி மழை பிடித்து டென்ட் ஒழுகியபோது, எல்லோரும் வந்து எழுப்பியது என்னைத்தான், அண்டர் ஆபீசரை இல்லை. தூக்கம் போச்சு, சரி.

பேட்ச் பாலிஷுக்குப் பிராசோ சொந்தமாகக் கொண்டுபோ. கடன் கொடுத்தால் டப்பா திரும்பி வராது.

திருச்சி, பிஎஸ்சி இரண்டாம் ஆண்டு

நன்றி அண்ணா, நன்றி அக்கா, ஐயாவுக்கும் நன்றி. சேலம் அண்ணா, எஸ்எஸ்பிக்குப் போகும் செலவு எவ்வளவு ஆகும்? வீட்டில் அதைத்தான் முதலில் கேட்பார்கள்.

சேலம், ஆர்மி விங், சீனியர் டிவிஷன்

அந்த வகை என்ட்ரிக்கு முதல் முறை போகிறவனுக்கு ரயிலில் மூன்றடுக்கு ஏசி வரை போக வரக் கட்டணம் அவர்களே தருவார்கள். டிக்கெட்டைத் தொலைக்காதே. உள்ளே தங்குவதும் சாப்பாடும் இலவசம். வெள்ளை டிஷர்ட், ஷார்ட்ஸ் இரண்டு செட் எடுத்துக்கொள், மைதானத்தில் ஒரே நாளில் மண்ணாகிவிடும். நீ வாங்கப்போவது முதலில் பி சர்ட்டிபிகேட், அதற்குப் பரேடு வருகை 75 சதவீதம் வேண்டும். இப்போது எவ்வளவு இருக்கிறது, அதைச் சொல்லு.