டவுன் டேக்ஸ்ல ஆம்புலன்ஸுக்குன்னு தனி லைன்: உங்க ஊர் அனுபவத்தையும் சொல்லுங்க

ஹட்சன்கரை:

நாங்க இருக்கறது நியூயார்க் ஸ்டேட், ஆனா சிட்டி இல்ல, மேல ஹட்சன் வேலி பக்கம் ஒரு சின்ன டவுன். நம்ம ஆளுங்க கொஞ்சம் குடும்பம் இருக்கோம், பாதிப்பேர் சிப் கம்பெனி வேலைக்கு வந்து அப்படியே வீடு வாங்கி தங்கிட்டவங்க. ஜனவரில வர்ற டவுன்-கவுன்ட்டி டேக்ஸ் பில்லுல ஆம்புலன்ஸ் டிஸ்ட்ரிக்ட்னு (ஆம்புலன்ஸ் செலவுக்குன்னு தனியா வரி வாங்கற பகுதி, நம்ம ஊர் மாவட்டம் இல்ல) புதுசா ஒரு லைன் வந்ததுல இருந்து எங்க வாட்ஸப் குரூப்ல இதே பேச்சுதான். ஸ்கூல் டேக்ஸ் தனியா கட்றோம், ஃபயருக்கு கட்றோம், இப்ப இது வேறயா, அதுவும் ஆம்புலன்ஸ்காரங்க வாலன்டியர்ஸ்தானே, சம்பளமே வாங்காதவங்களுக்கு எதுக்கு டேக்ஸ்னு கேக்கறாங்க. நியாயமான கேள்விதான். எனக்கு நடந்ததையும், அதுக்கப்புறம் டவுன் ஹால்ல போய் உக்காந்து கேட்டதையும் எழுதறேன், உங்க ஊர்ல எப்படின்னு நீங்களும் எழுதுங்க.

அப்பா திருநெல்வேலில இருந்து வந்திருந்தப்ப நடந்தது. சுகர் பேஷன்ட், இன்சுலின் போட்டுட்டு பசி இல்லன்னு சரியா சாப்பிடாம படுத்துட்டார். ராத்திரி ரெண்டு மணி இருக்கும், அம்மா வந்து கதவ தட்றாங்க, அப்பா என்னமோ மாதிரி பேசறார்டா, உடம்பெல்லாம் வேர்த்து ஊத்துதுன்னு. 911 அடிச்சேன். வந்தவங்க யாருன்னு பாத்தா ஒருத்தர் எங்க பையன் ஸ்கூல் பஸ் டிரைவர், இன்னொரு அம்மா நாங்க மாத்திரை வாங்கற ஃபார்மசில கவுன்ட்டர்ல நிக்கறவங்க. ஃபார்மசி அம்மா வீட்ல இருந்து நேரா அவங்க கார்லயே வந்துட்டாங்க, டேஷ்போர்டுல பச்சை லைட் சுத்துது (இங்க வாலன்டியர் ஆம்புலன்ஸ்காரங்களுக்கு பச்சை, வாலன்டியர் ஃபயர்காரங்களுக்கு நீலம்). பஸ் டிரைவர் ஸ்டேஷன் போய் வண்டிய எடுத்துட்டு பின்னாலயே வந்தார். விரல்ல குத்தி சுகர் பாத்தாங்க, ரொம்ப கீழ இருந்துது, ஆனா முழுங்க முடிஞ்சதால வாயில குளுக்கோஸ் ஜெல் குடுத்தாங்க, கொஞ்ச நேரத்துல அப்பா தெளிஞ்சு உக்காந்து "யாருப்பா இவங்கல்லாம், உக்கார சொல்லு" அப்படின்னார். ஆஸ்பத்திரிக்கு வந்துடுங்கன்னு அவங்க பலதடவ சொல்லிப் பாத்தாங்க, இவர் மாட்டேன்னுட்டார். மறுக்கறதுக்குன்னு ஒரு ஃபாரம் இருக்கு, அதுல கையெழுத்து வாங்கிட்டு, நான் இட்லி சூடு பண்ணி அவர் ரெண்டு சாப்பிடற வரைக்கும் கூடவே இருந்து மறுபடி சுகர் பாத்துட்டுதான் கிளம்பினாங்க. அப்பா என்னை கூப்பிட்டு "ஏதாவது குடுத்து அனுப்புலே"ங்கறார். அவங்க வாங்கல. பில்லும் வரல.

அந்த பில் ஏன் வரலன்னு எனக்கு அப்பறம் டவுன் ஹால்ல நடந்த பப்ளிக் ஹியரிங்லதான் (மக்கள் கருத்து கேக்கற கூட்டம்) புரிஞ்சுது. வண்டில ஏத்தி ஆஸ்பத்திரி கொண்டுபோய் விட்டாதான் மெடிகேர் (முக்கியமா வயசானவங்களுக்கான கவர்மென்ட் இன்சூரன்ஸ்) பணம் குடுக்கும், பிரைவேட் இன்சூரன்ஸும் பெரும்பாலும் அப்படித்தான். வீட்டுக்கு வந்து குளுக்கோஸ் குடுத்து சரி பண்ணிட்டு போனா ஒண்ணும் கிடையாது. வயசானவங்க பாத்ரூம்ல விழுந்துட்டா ரெண்டு பேர் வந்து தூக்கி நாற்காலில உக்காத்தி வச்சுட்டு போறாங்க பாருங்க, லிஃப்ட் அசிஸ்ட்னு சொல்லுவாங்க, எங்க ஊர் மாதிரி வயசானவங்க நிறைய இருக்கற இடத்துல அந்த கால் நிறைய வரும், அதுக்கும் பைசா கிடையாது. ஏத்திட்டு போனாலும் மெடிகேர் தான் வச்சிருக்கற ரேட்ல 80 சதவீதம்தான் குடுக்கும், மீதி பேஷன்ட்கிட்ட வாங்கணும்.

இன்னொரு பக்கம் செலவ பாருங்க. ஒரு புது ஆம்புலன்ஸ் இப்ப மூணு லட்சம் டாலர் கிட்ட வருது, ஆர்டர் போட்டாலும் சீக்கிரம் கைக்கு வராது. உள்ள இருக்கற ஹார்ட் மானிட்டர், பவர் ஸ்ட்ரெச்சர் ஒவ்வொண்ணும் ஒரு கார் விலை. இன்சூரன்ஸ், டீசல், ரேடியோ, எக்ஸ்பயரி ஆகுற மருந்து, ஆக்சிஜன், ஸ்டேஷனுக்கு ஹீட்டிங். யாருமே கூப்பிடாத ராத்திரியிலயும் இந்த செலவெல்லாம் ஓடிட்டுதான் இருக்கும். மனுஷங்க சும்மா வர்றாங்க, ஆனா அவங்க ஏறி வர்ற வண்டி ரெடியா நிக்கறதுக்கு காசு வேணும், இத யாராவது குரூப்ல சொல்லியிருந்தா பாதி சண்டை வந்திருக்காது.

இத்தன வருஷம் எப்படி ஓட்டினாங்கன்னா பான்கேக் பிரேக்ஃபாஸ்ட், சிக்கன் பார்பிக்யூ, வருஷத்துக்கு ஒருதடவ வீட்டுக்கு வர்ற டொனேஷன் லெட்டர், டவுன் போனா போகுதுன்னு குடுக்கற கொஞ்ச பணம். அந்த லெட்டர நம்மள்ல எத்தன பேர் ஜங்க் மெயிலோட சேத்து போட்டிருப்போம். அதோட பழைய ஆளுங்களுக்கு வயசாயிடுச்சு, புதுசா வர்றவங்க குறைவு, இஎம்டி (ஆம்புலன்ஸ்ல வந்து முதலுதவி பண்றவங்க) ஆகறதுக்கான கோர்ஸே 150 மணி நேரத்துக்கு மேல, வேலைக்கு போய்ட்டு யாரு உக்காருவா. பகல்ல எல்லாரும் வேலைக்கு போயிடுவாங்க, கால் வந்திருக்குன்னு அவங்க ரேடியோல டோன் அடிக்கும், யாரும் எடுக்க மாட்டாங்க, மறுபடி டோன் அடிக்கும், அப்பவும் ஆள் இல்லன்னா பக்கத்து டவுனுக்கு மியூச்சுவல் எய்டுன்னு போகும், அவங்க வந்து சேர்றதுக்குள்ள மூச்சு நின்னவருக்கு என்ன ஆகும்னு யோசிங்க. அதனாலதான் பகல் ஷிஃப்டுக்கு மட்டும் சம்பளம் குடுத்து ரெண்டு பேர வைக்கணும்னு முடிவு பண்ணி டிஸ்ட்ரிக்ட் வேணும்னு டவுன் போர்டுகிட்ட வந்தாங்க.

நிறைய பேருக்கு தெரியாத விஷயம், நியூயார்க்ல ஆம்புலன்ஸ் வச்சே ஆகணும்னு டவுனுக்கு சட்டம் கிடையாது. வைக்கலாம், வைக்காமலும் இருக்கலாம். ஃபெடரல் கவர்மென்ட் 1973ல சட்டம் போட்டு எமர்ஜென்சி சிஸ்டம் கட்ட பணம் குடுத்துச்சு, 1981ல ரீகன் பிரசிடென்ட்டா வந்ததும் அத பிளாக் கிரான்ட்டா (எதுக்கு செலவு பண்றதுன்னு ஸ்டேட்டே முடிவு பண்ற மொத்தப் பணமா) மாத்தி ஸ்டேட்டுங்க கையில விட்டுட்டாங்க, அப்படியே தள்ளி தள்ளி கடைசில சின்ன ஊர் தலையில வந்து நிக்குது. நம்ம ஊர்ல 2008ல 108 வந்தப்ப ஸ்டேட் கவர்மென்ட்டே பொறுப்பெடுத்து எல்லாருக்கும் இலவசம்னு ஓட்டுச்சு, அத பாத்து வளந்த நமக்கு இது விசித்திரமா இருக்கும்.

டிஸ்ட்ரிக்ட் எப்படி போட்டாங்கன்னா, முதல்ல ஹியரிங், அப்பறம் போர்டு தீர்மானம். அதுக்கப்பறம் 30 நாள் டைம். அதுக்குள்ள டிஸ்ட்ரிக்ட்ல சொத்து வச்சிருக்கறவங்கள்ல 5 சதவீதம் பேர், இல்லன்னா 100 பேர், எது கம்மியோ அத்தன பேர் கையெழுத்து போட்டு குடுத்தா ஓட்டெடுப்பு வைக்கணும், யாரும் குடுக்கலன்னா தீர்மானம் அப்படியே நிக்கும். எங்க ஊர்ல கையெழுத்து வாங்க கிளம்பினாங்க, தேவையான அளவு சேரல. இது போக ஸ்டேட்டோட டேக்ஸ் கேப் வேற இருக்கு, வருஷம் 2 சதவீதம் இல்ல விலைவாசி ஏறின அளவு, ரெண்டுல எது கம்மியோ அதுக்கு மேல வரிய ஏத்தணும்னா போர்டுல 60 சதவீதம் ஓட்டு வேணும், அஞ்சு பேர் போர்டுல மூணு பேர்.

ஹியரிங்ல ஒரு பெரியவர் எழுந்து, நான் பென்ஷன்ல இருக்கேன், வீட்டு மதிப்பு ஏறுது, என் வருமானம் ஏறல, ஒவ்வொரு வருஷமும் ஒரு லைன் சேத்துட்டே போனா நான் வீட்ட வித்துட்டு ஃப்ளோரிடா போகணுமான்னு கேட்டார். யாருக்கும் அவர் மேல கோவம் வரல, அவர் சொன்னது உண்மை. ஆயிரம் டாலர் மதிப்புக்கு 50 சென்ட்னு வச்சா 4 லட்சம் வீட்டுக்கு வருஷம் 200 டாலர், ஐடி வேலைல இருக்கற எங்களுக்கு அது பெருசில்ல, அவருக்கு பெருசு. வீட்டு மதிப்ப மட்டும் பாத்து வரி போடறதுல இருக்கற குறை இது, நான் டிஸ்ட்ரிக்ட்ட ஆதரிக்கறவன்தான், ஆனாலும் அந்த குறைய மறைக்க மாட்டேன். அதே பெரியவர் வீட்டுக்கு ஆம்புலன்ஸ் போக வேண்டிய வாய்ப்புதான் அதிகம், அதனாலதான் வசதி இருக்கற நாங்க சந்தோஷமா கட்டணும்னு நினைக்கறேன்.

மதுரைக்காரி_என்ஜே:

அண்ணா எழுதினத படிச்சதும் எங்க ஊர் ஸ்குவாட் ஞாபகம்தான். நியூஜெர்சில ஃபர்ஸ்ட் எய்ட் ஸ்குவாட்னு சொல்லுவாங்க, எங்க ஊர்ல சுத்தமா பில் கிடையாது, டவுன் பட்ஜெட்ல கொஞ்சம், மீதி நன்கொடை. என் பொண்ணு 16 வயசுல சேந்தா, இங்க 16லயே இஎம்டி ஆகலாம். காலேஜ் அப்ளிகேஷனுக்காகத்தான் சேர்றேன்னு சொன்னவ, இப்ப லீவுக்கு வந்தா பெட்டிய வச்சுட்டு முதல்ல ஷிஃப்ட் இருக்கான்னு கேக்கறா. கிளாஸ்ல சொன்னாங்கன்னு ஒருநாள் வந்து சொன்னா, 1928ல வர்ஜீனியால ரோனோக்ங்கற ஊர்ல ஜூலியன் ஸ்டான்லி வைஸ்னு ஒருத்தர்தான் இந்த மாதிரி வாலன்டியர் ஸ்குவாட் முதல்ல ஆரம்பிச்சவராம், சின்ன வயசுல ரெண்டு பேர் ஆத்துல முங்கி போறத கரையில நின்னு பாத்தவராம், காப்பாத்த தெரிஞ்சவங்க யாரும் இல்லாம.

எங்க அனுபவத்துல ஒண்ணு சொல்லணும். மாமாவுக்கு நெஞ்சு வலி வந்தப்ப ஸ்குவாட் வந்தது ஃப்ரீ, ஆனா இங்க பாராமெடிக் (இஎம்டிய விட அதிக பயிற்சி எடுத்தவங்க) தனி, ஆஸ்பத்திரி சார்பா தனி வண்டில வருவாங்க, அதுக்கு பில் வந்துது. ஸ்குவாட்தான் பில் அனுப்பிட்டாங்கன்னு நினைச்சு அவங்கள திட்டறவங்க நிறைய பேர், பாவம். இப்ப எங்க ஊர்லயும் பகல்ல ஆள் இல்ல, இன்சூரன்ஸ்க்கு மட்டும் பில் போடுவோம், ஊர்க்காரங்க கைல இருந்து மீதிய கேக்க மாட்டோம்னு ஒரு பேச்சு ஓடுது. எனக்கு அதவிட டேக்ஸ்ல போடறதுதான் பிடிக்குது. பில் வரும்னு பயந்து 911 அடிக்காம ஊபர்ல போன நம்ம ஆளுங்கள எனக்கு தெரியும். நெஞ்சு வலியோட ஊபர்ல! டேக்ஸ்ல ஏற்கனவே கட்டியாச்சுன்னா யாரும் யோசிக்காம கூப்பிடுவாங்க.

ஹில்கன்ட்ரி_மாமா:

டெக்சாஸ்ல ஆஸ்டின் வெளில இருக்கேன். இங்க வேற கதை, இஎஸ்டின்னு ஸ்டேட் கான்ஸ்டிட்யூஷன்லயே இருக்கு, எமர்ஜென்சி சர்வீசஸ் டிஸ்ட்ரிக்ட். நூறு டாலர் மதிப்புக்கு 10 சென்ட்டுக்கு மேல சொத்து வரி போட முடியாது, மக்கள் ஓட்டு போட்டாதான் டிஸ்ட்ரிக்ட்டே உருவாகும். எங்க பக்கம் வீடு வீடா கட்டிட்டே போறான், புது சப்டிவிஷன், ஆளுங்க பெருகிட்டாங்க, ஆனா அந்த 10 சென்ட் உச்சவரம்பு அங்கயேதான் நிக்குது. அதனால இஎஸ்டிங்க சேல்ஸ் டேக்ஸ்ல பங்கு கேட்டு தேர்தல் வைக்கறாங்க, ஆனா லோக்கல் எல்லாருக்கும் சேத்து 2 சதவீதம்தான் மொத்தமே, சிட்டி முன்னாடியே எடுத்துட்டா இவங்களுக்கு ஒண்ணும் மிஞ்சாது. நான் சிட்டிசன் ஆனப்பறம் போட்ட முதல் லோக்கல் ஓட்டே இதுக்குத்தான், பேலட்ல கடைசில எங்கயோ ஒளிஞ்சு இருந்துது. பிரசிடென்ட்டுக்கு போட்டுட்டு கீழ பாக்காம வந்துடாதீங்க.

சேலம்_பையன்:

ஹட்சன்கரை அண்ணா, நானும் நியூயார்க்தான், உங்களுக்கு இன்னும் வடக்க. எங்க டவுன்ல இந்த வருஷம்தான் பேச்சு ஆரம்பிச்சிருக்கு. நான் எச்1பி, ஓட்டு கிடையாது, ஆனா வீடு வாங்கிட்டேன், டேக்ஸ் கட்றேன். ஹியரிங்ல போய் பேசலாமா, ஏதாவது பிரச்சனை ஆகுமா?

ஹட்சன்கரை:

தாராளமா பேசலாம் தம்பி, பப்ளிக் ஹியரிங்னா யார் வேணா எழுந்து பேசலாம், சிட்டிசனான்னு யாரும் கேக்க மாட்டாங்க. எங்க ஊர்ல பேரும் எந்த ரோடுன்னும் சொல்ல சொல்லுவாங்க, சில நிமிஷம் டைம் தருவாங்க. எங்க ஹியரிங்ல கிரீன் கார்டு ஆளுங்க ரெண்டு மூணு பேர் பேசினாங்க, போர்டு ஆளுங்க குறிப்பு எடுத்துகிட்டாங்க. டவுன் பட்ஜெட் ஹியரிங் நவம்பர் தேர்தலுக்கு அடுத்து வர்ற வியாழக்கிழமைக்குள்ள முடியணும், பெரும்பாலான டவுன்ல நவம்பர் 20க்குள்ள பட்ஜெட் பாஸ் ஆயிடும், அதனால அக்டோபர்லயே டவுன் கிளார்க்குக்கு போன் பண்ணி தேதி கேட்டுக்கோ. போனா மூணு கேள்வி கேளு: போன வருஷம் எத்தன கால் மியூச்சுவல் எய்டுக்கு போச்சு, பில்லிங்ல எவ்வளவு வந்துது, டேக்ஸ் பணத்துல பகல் ஷிஃப்ட் எத்தன மணி நேரம் நிரப்புவாங்க. இந்த மூணுக்கும் ஆம்புலன்ஸ் கோர் (ஊர் ஆம்புலன்ஸ் குழு) கேப்டன்கிட்ட நம்பர் இருக்கும்.

அப்பறம் உங்க ஊர் ஆம்புலன்ஸ் ஃபயர் டிபார்ட்மென்ட்டோட சேந்ததா, தனி கோரான்னும் பாரு. ஃபயர் டிபார்ட்மென்ட் ஆம்புலன்ஸ் 2022 வரைக்கும் நியூயார்க்ல இன்சூரன்ஸ்க்கு பில்லே போட முடியாம இருந்துச்சு, சட்டம் மாறினப்பறம்தான் போடறாங்க, அதனால அவங்க கணக்கும் தனி கோர் கணக்கும் ஒண்ணா இருக்காது. இன்னொண்ணு, 2022 கடைசில வந்த சட்டப்படி வாலன்டியர்ஸ்க்கு வீட்டு மதிப்புல 10 சதவீதம் வரைக்கும் கழிச்சுட்டு மீதிக்கு மட்டும் வரி போட டவுனுக்கு அதிகாரம் இருக்கு, ஆனா டவுன் தீர்மானம் போட்டாதான் கிடைக்கும். உங்க டவுன் போட்டாச்சான்னு கேளு, போடலன்னா ஏன்னு கேளு.