'ஆடிஷன்' (1999) மெதுவாகப் போகிறதே, தொடரலாமா?

கேள்வி: தகாஷி மீகே இயக்கிய இந்த ஜப்பானியப் படத்தைப் பாதி பார்த்திருக்கிறேன். மனைவியை இழந்த அவோயாமா, நண்பரின் யோசனைப்படி, படத்துக்கு நாயகி தேடுவதுபோல் தனக்குப் பெண் தேடுகிறார். அசாமியிடம் மனம் சாய்கிறது. இதமான காதல் கதை. இதையா எல்லாரும் பயங்கரம் என்கிறார்கள்?

பதில் 1: தயவுசெய்து நிறுத்தாதீர்கள். அந்த நிதானம்தான் படத்தின் பலம். போன் ஒலிக்கும் காட்சியைக் கவனியுங்கள்: வெறும் அறை, தலைகுனிந்து உட்கார்ந்திருக்கும் அசாமி, பின்னால் ஒரு மூட்டை. அதற்குமேல் சொல்ல மாட்டேன். கடைசியில் வரும் கொடூரத்தைவிட என்னை அதிகம் உலுக்கியது அந்தப் பொய்த் தேர்வுதான். வரிசையாகப் பெண்கள் வந்து, வேலை கிடைக்கும் என நம்பி, தங்கள் வாழ்க்கையைச் சொல்கிறார்கள். அவோயாமா நல்லவர்தான், ஆனாலும் அதை எனக்கு மன்னிக்க முடியவில்லை.

பதில் 2: ஊசி, ரத்தம் ஆகாது என்றால் இறுதிப் பகுதி வேண்டாம். என் தங்கை பாதியில் எழுந்து போய்விட்டாள். அசாமியாக நடித்த எய்ஹி ஷீனா குரலை உயர்த்தாமல், கொஞ்சும் தொனியில் செய்வதுதான் தாங்க முடியவில்லை.

கேள்வி கேட்டவர்: சரி, இன்றிரவே முடிக்கிறேன். மூலக்கதை உண்டா?

பதில் 1: உண்டு. ரியூ முரகாமியின் 1997 நாவல். படத்தை முடித்த அப்புறம் படியுங்கள், முன்னால் வேண்டாம்.