மீற்றர் 1.2 காட்டுது, ஆனா ஒருத்தருக்கும் கேக்குதில்லை: யாழ்ப்பாணத்து அன்ரெனா அனுபவங்கள்

(அமெச்சூர் வானொலிக்காரர் தங்களுக்குள்ளை எழுதிக்கொண்டது. ஒவ்வொரு பகுதிக்கும் மேலை இருக்கிறது எழுதினவரின்ரை புனைபெயர்.)

கோண்டாவில் 40 மீற்றர்

புதுசாய் அமெச்சூர் வானொலி அனுமதிப்பத்திரம் எடுத்த பிள்ளையளிட்டை இருந்து அடிக்கடி வாற கேள்வி இது. 7 மெகாஹேர்ட்ஸுக்கு டைபோல் (நடுவிலை கேபிள் கொழுவின ரெண்டு பக்கக் கம்பி அன்ரெனா) கட்டியாச்சு, எஸ்டபிள்யுஆர் (நிலையலை விகிதம், 1 எண்டால் ஒண்டும் திரும்பி வரேல்லை) 1.2. ஆனா கூப்பிட்டால் கொழும்பும் கேக்காது, மதுரையும் கேக்காது.

அந்த மீற்றர் சொல்லுறது, போன சக்தியிலை எவ்வளவு திரும்பி வருகுது எண்டது மட்டும்தான். திரும்பி வராதது எல்லாம் வானத்துக்குப் போட்டுது எண்டு அது சொல்லேல்லை. கேபிளுக்குள்ளை சூடாய்ப் போயிருக்கலாம், நிலத்துக்குள்ளை போயிருக்கலாம்.

முதல் கேபிளைச் சோதியுங்கோ. மேல் முனையை அன்ரெனாவிலை இருந்து கழட்டி, ஒண்டும் கொழுவாமல் விடுங்கோ. கீழ் முனையிலை நனோவிஎன்ஏ (அன்ரெனா அளக்கிற சின்னக் கருவி) போட்டு 7.1 மெகாஹேர்ட்ஸிலை பாருங்கோ. (வானொலிச் செற்றாலை அனுப்பிப் பாக்கிற வேலை வேண்டாம், கடைசிப் படி ட்ரான்சிஸ்டர் போயிடும்.) முனை திறந்து கிடந்தால் போனதெல்லாம் திரும்பவேணும், அதாலை நல்ல கேபிளிலை எஸ்டபிள்யுஆர் மோசமாய்த்தான் இருக்கவேணும். 25 மீற்றர் நல்ல ஆர்ஜி-58 (மெல்லிய 50 ஓம் கேபிள்) இலை இழப்பு 1 டெசிபெல் அளவு, சக்தியிலை ஐஞ்சிலை ஒரு பங்கு. அப்ப மீற்றர் 9 கிட்டக் காட்டும். 3 தான் காட்டுதெண்டால், போகேக்கை 3 டெசிபெல், வரேக்கை 3 டெசிபெல். அரைவாசிச் சக்தி கேபிளோடை சரி. அந்த இழப்புத்தான் உங்கடை "நல்ல" எஸ்டபிள்யுஆரையும் தந்தது.

145 மெகாஹேர்ட்ஸிலை புதுக் கேபிளே அப்பிடித்தான். 20 மீற்றர் ஆர்ஜி-58 இலை 4 டெசிபெல் போகும், திறந்த முனைச் சோதனையிலை 2.3 காட்டும். சக்தியிலை 60 வீதம் கூரைக்கு ஏறாது. அந்த அலைவரிசைக்கு ஆர்ஜி-213 (தடிச்ச, இழப்புக் குறைஞ்ச கேபிள்) வாங்குங்கோ, இல்லாட்டி கேபிளைக் கட்டையாக்குங்கோ.

பருத்தித்துறைக் கரை

கோண்டாவில் அண்ணை சொன்னதோடை ஒண்டு. எங்கடை கரையிலை கேபிள் கெடுறது நடுவிலை இல்லை, முனையிலை. டைபோலின்ரை நடுவிலை கேபிளைப் பிரிச்சு ரெண்டு கம்பியிலையும் பத்தவைச்சு, மேலாலை இன்சுலேஷன் ரேப் சுத்தி விடுவினம். ஒரு மாரி காணும். விளக்குத் திரி எண்ணெய் இழுக்கிற மாதிரி கேபிளுக்குள்ளை இருக்கிற பின்னல் கம்பி உப்புத் தண்ணியை உள்ளுக்கு இழுக்கும். வெளித்தோலை உரிச்சுப் பாத்தால் பின்னல் கறுத்தோ பச்சை பிடிச்சோ இருக்கும். செம்பு மினுங்கிற இடம் வரைக்கும் வெட்டுங்கோ. ஒரு மீற்றர் வெட்டியும் கறுப்புத்தான் எண்டால் அந்தக் கேபிளை ஆடு கட்ட வைச்சிருங்கோ.

மூடுறதுக்கு, தன்னோடை தானே ஒட்டுற றப்பர் ரேப் எடுத்து, அரைவாசி அகலமாகுமட்டும் இழுத்து, கீழை இருந்து மேலை, ஒண்டின்மேல் ஒண்டு பாதி ஏறச் சுத்தவேணும். அதுக்கு மேலை சாதாரண பிவிசி ரேப், வெயிலுக்காக. சிலிக்கோன் பூசுறதெண்டால் மணந்து பாருங்கோ. வினாகிரி மணம் வந்தால் அதிலை அசற்றிக் அமிலம் இருக்கு, செம்பை அதுவே அரிச்சுப்போடும். மணமில்லாத நடுநிலை வகை கேட்டு வாங்குங்கோ. செம்புக் கம்பியை அலுமினியக் குழாயிலை நேரை முறுக்காதேங்கோ, இடையிலை துருப்பிடிக்காத உருக்கு வொஷர் ஒண்டு போடுங்கோ. உப்புக் காத்திலை அந்த ரெண்டு உலோகமும் பற்றரி மாதிரி வேலைசெய்து அலுமினியம் வெள்ளைத் தூளாய்ப் போகும்.

சுண்ணக்கல்

நிலத்துக்குள்ளை போற கதையை நான் சொல்லுறன். 7.1 மெகாஹேர்ட்ஸுக்கு, அலைநீளத்திலை கால்வாசி நீளமான நிமிர்ந்த அன்ரெனா, உயரம் 10 மீற்றர். எர்த் கம்பி அடிக்கப் போனால் செம்மண் கொஞ்சம்தான், பிறகு கல்லு. ஒரு முழத்தோடை கம்பி நிக்கும். "எர்த் குடுத்தாச்சு" எண்டு அதோடை விட்டுவிடுவினம்.

இதிலைதான் மீற்றர் நல்லா ஏமாத்தும். நல்ல நிலத்தளத்திலை இந்த அன்ரெனாவின்ரை தடை 36 ஓம் அளவு. நிலத்திலை 14 ஓம் இழப்புச் சேர்ந்தால் மொத்தம் 50, எஸ்டபிள்யுஆர் சுத்த 1.0! ஆனா 28 வீதம் மண்ணைச் சூடாக்குது. இப்ப நீங்கள் அன்ரெனாவின்ரை அடியிலை இருந்து சுத்தவரக் கம்பியளை விரிச்சு நிலத்தைத் திருத்தத் திருத்த, மீற்றர் 1.4 வரை ஏறும். அதைப் பாத்திட்டு விரிச்ச கம்பியைத் திரும்பக் கழட்டினவையும் இருக்கினம். 1.4 நல்ல சகுனம், விடுங்கோ.

நிலத்தோடை போடுறதெண்டால் 16 கம்பி, ஒவ்வொண்டும் 5 மீற்றர் இருந்தாலே பெரிய மாற்றம் தெரியும். நீளம் கச்சிதமாய் இருக்கத் தேவையில்லை, நிலத்திலை கிடக்கிற கம்பிக்கு ஒத்திசைவு எண்டு ஒண்டு நிக்காது. நீளமான நாலைவிடக் கட்டையான பதினாறு நல்லம். நிலத்திலை கம்பி விரிக்க ஏலாதெண்டால் ஆள் தலைக்கு மேலை தூக்கிக் கட்டுங்கோ. அப்ப நாலு காணும், ஆனா ஒவ்வொண்டும் சரியாய் 10 மீற்றர், நிலத்திலை முட்டக்கூடாது, நுனியிலை இன்சுலேற்றர் வேணும், ஏனெண்டால் நுனியிலை வோல்ற் கூட.

அரியாலை, நாவற்குழிப் பக்கம் கடல்நீரேரிக் கரையிலை இருக்கிறவைக்கு அதிர்ஷ்டம். கடல் தண்ணியின்ரை கடத்துதிறன் மீற்றருக்கு 5 சீமென்ஸ் அளவு, கல்லு நிலம் அதிலை ஆயிரத்திலை ஒரு பங்கும் வராது. தண்ணி விளிம்பிலை நட்ட நிமிர்ந்த அன்ரெனா அடிவானத்தோடை தட்டையாய் அனுப்பும். தூரதேசம் பிடிக்க அதுதான்.

இணுவில் புதுசு

அண்ணையள், எனக்குத் தூரதேசம் வேண்டாம். கொழும்பும் தமிழ்நாடும் பகலிலை கதைச்சால் காணும். எதைக் கட்டுறது?

கோண்டாவில் 40 மீற்றர்

அப்ப நிமிர்ந்ததைக் கட்டாதேங்கோ தம்பி, அது உங்கடை தலைக்கு மேலை அனுப்பாது. டைபோல்தான், அதுவும் தாழ்வாய், 7 இலை இருந்து 10 மீற்றர் உயரம். அலை செங்குத்தாய் ஏறி அயனமண்டலத்திலை பட்டுத் திரும்பி, சுத்தவர சில நூறு கிலோமீற்றருக்கு விழும். காந்த மத்தியகோடு எங்களுக்குக் கிட்டத்தாலை போறதாலை மேலடுக்கு இங்கை பகலிலை நல்ல அடர்த்தி, 7 மெகாஹேர்ட்ஸ் தாராளமாய்த் திரும்பும். விடியப்புறம் அடுக்கு மெலியும், அப்ப கிட்டடி நிலையங்கள் காணாமல் போய்த் தூரத்து நிலையங்கள் எழும்பும். அது அன்ரெனாப் பிழை இல்லை.

நீளத்துக்கு 143 ஐ மெகாஹேர்ட்ஸாலை பிரியுங்கோ. 7.1 க்கு 20.14 மீற்றர். வெட்டேக்கை 20.6 வெட்டுங்கோ. தூக்கிக் கட்டி அளக்க 6.85 இலை ஒத்திசைஞ்சால், 20.6 ஐ 6.85 ஆலை பெருக்கி 7.1 ஆலை பிரிக்க 19.87 வரும். பக்கத்துக்கு 36 சென்ரிமீற்றர் குறைக்கவேணும். வெட்டாமல் மடிச்சு, அந்தக் கம்பியோடையே நெருக்கி முறுக்கி விடுங்கோ, பிறகு நீட்டத் தேவைப்படும். வீட்டு வயறிங் கம்பியிலை கட்டினால் மேல்தோல் காரணமாய் ரெண்டு மூண்டு வீதம் கட்டையாய்த்தான் வரும்.

பனையிலை கட்டுறவை கவனிக்கவேணும். சோளகத்துக்குப் பனை ஆடுற ஆட்டத்திலை இறுக்கிக் கட்டின கம்பி அறும். ஒரு பக்கம் கப்பி போட்டு, கயித்து நுனியிலை கல்லுத் தொங்கவிடுங்கோ. கல்லு ஏறி இறங்கும், கம்பி தப்பும்.

சுண்ணக்கல்

டைபோலின்ரை நடுவிலை சோக் (கேபிளின்ரை வெளிப்பக்கத்தாலை அலை வராமல் தடுக்கிற சுருள்) போடச் சொல்லேல்லை அண்ணை. கேபிளிலை கை வைக்க மீற்றர் முள்ளு அசைஞ்சால், மைக்கிலை உதடு பட "சுள்" எண்டால், கேபிள் பின்னலின்ரை வெளிப்பக்கமும் அன்ரெனாவாய் வேலைசெய்யுது. 7 மெகாஹேர்ட்ஸுக்கு ஆர்ஜி-58 கேபிளிலையே 4.6 மீற்றரை 24 சென்ரிமீற்றர் விட்டத்திலை 6 சுத்து, பக்கம் பக்கமாய், ஒண்டின்மேல் ஒண்டு ஏறாமல். குவியலாய்ச் சுத்தினால் முதல் சுத்தும் கடைசிச் சுத்தும் கிட்ட வந்து, அலை குறுக்காலை பாஞ்சிடும். இதாலை கேக்கிற இரைச்சலும் குறையும். எல்ஈடி பல்பும் சூரியக்கல இன்வேற்றரும் துப்புற இரைச்சல் கேபிள் பின்னலின்ரை வெளிப்பக்கத்தாலையும் ஏறுது.

நெல்லியடி எஃப்எம்

அனுப்புற வேலை இல்லை, கேக்கிறதுதான். கொடைக்கானல் எஃப்எம் 100.5 சில இரவு துல்லியமாய் வரும், சில நாள் வரவே வராது. அன்ரெனாவைத் திருத்தினால் நிண்டு வருமோ?

பருத்தித்துறைக் கரை

முழுக்க நிண்டு வராது. கொடைக்கானல் 2000 மீற்றருக்கு மேலை இருந்தாலும் அதின்ரை வானொலி அடிவானம் 200 கிலோமீற்றர் அளவிலை முடியுது, நாங்கள் 300 அளவிலை இருக்கிறம். மிச்சத் தூரத்தைக் கடலுக்கு மேலை படிஞ்ச சூடான காத்துப் படலம் வளைச்சுத் தருது. காத்து அடங்கின கோடை இரவிலை நல்லாய் வரும், மழைக்காத்து கலக்கினால் போயிடும்.

ஆனா மூண்டு தண்டு யாகி (ஒரு திசையைக் கூடப் பிடிக்கிற அன்ரெனா) கட்டினால் வாற நாள் கூடும். அலுமினியக் குழாய், பின் தண்டு 1.48 மீற்றர், நடு 1.41, முன் 1.31, இடைவெளி ரெண்டும் 60 சென்ரிமீற்றர். நடுத்தண்டை மடிச்ச டைபோலாய்ச் செய்து, 75 ஓம் கேபிளோடை பொருந்த, கேபிள் துண்டிலையே அரை அலை வளையம் போடுங்கோ. உள்ளுக்கு வெள்ளை நுரை இருக்கிற ஆர்ஜி-6 எண்டால் வளையம் 1.24 மீற்றர், கெட்டிப் பிளாஸ்ரிக் எண்டால் 98 சென்ரிமீற்றர். இதை மாறி வெட்டினால் வளையம் ஒழுங்காய் வேலைசெய்யாது. திசை மேற்கு, கொஞ்சம் வடக்குச் சாய்வு. தண்டைக் கிடையாயும் நிமித்தியும் திருப்பிக் கேட்டு, நல்லாய் வாற பக்கம் இறுக்குங்கோ. தெற்கிலை இருக்கிற கொக்காவில் கோபுரத்துப் பலமான நிலையங்கள் அப்ப யாகியின்ரை பக்கவாட்டுப் பின்புறம் விழும், அது வசதி. பூஸ்டர் வாங்கிப் போடாதேங்கோ, அது உள்ளூர் நிலையங்களாலை திணறி 100.5 ஐயும் மூடிப்போடும்.